நேற்றைய கறி

திருமுல்லைவாயிலில் நாங்கள் இருக்கும் பிளாட்டின் வாசலுக்குக் காலையில் ஒரு சிவப்புப் பசு வரும். இரும்புக் கேட்டைத் தலையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு நிற்கும். உடனே ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் திறக்கும். பெண்கள் கையில் பாத்திரத்தோடு இறங்கி வருவார்கள். நேற்றைய சாம்பார் சோறு, ஓரம் காய்ந்த இட்லி, பாதி தோசை, புளித்த தயிர் எல்லாம் மதிலோரம் வைத்திருக்கும் பழைய பெயின்ட் வாளிக்குள் விழும். பசு சாப்பிடும். யாராவது அதன் முதுகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திரும்பிப் போவார்கள். இந்த ஊருக்கு வந்த புதிதில் இதைப் பார்த்து எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இது வீணடிப்பதா, தருமமா? இலங்கையில், எங்கள் மன்னாரில் என்றால் அந்த வாளியில் இருப்பதை வைத்து இரண்டு வேளை சமைத்திருப்போம்.

நான் பால் வாங்கத்தான் இறங்குவேன். கையில் பாத்திரம் இருக்காது. கீழ்வீட்டுத் தேவி ஒருநாள் கேட்டே விட்டாள்.

"இன்னாக்கா, உங்க ஊட்ல எதுவுமே மிஞ்சாதா?"

"மிஞ்சும். பிரிட்ஜுக்குள்ளை கிடக்கு."

"அப்ப எடுத்தாந்து வெக்கறது?"

"அது எங்களுக்கு."

அவள் சிரித்தாள். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

தேவி இந்த மண்ணிலேயே பிறந்தவள். இப்போது பிளாட்டுகள் நிற்கும் இடமெல்லாம் வயலாக இருந்தபோது அவளுடைய தாயும் தகப்பனும் அதில் கூலிக்கு இறங்கியவர்கள். அவள் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணிக் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை செய்கிறாள். கணவர் மணி லோடு வண்டி ஓட்டுகிறார். ஒரே மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். எங்கள் வீட்டில் நானும் சேவியரும் மட்டும்தான். சேவியர் தூத்துக்குடிக்காரர். தோஹாவில் ஒரே ஹோட்டலில் வேலை பார்த்தபோது பழகித் திருமணம் செய்தோம். அவருக்கு எஸ்டேட்டில் வேலை கிடைத்ததும் இங்கே வந்தோம். தமிழ்நாடுதானே, பாஷை பிரச்சினை இல்லை என்று தங்கச்சி போனில் சொன்னாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

என் பிரிட்ஜைத் திறந்தால் சின்னச் சின்ன டப்பாக்களாக இருக்கும். பாதி வெங்காயம், ஒரு மூடித் தேங்காய், இரண்டு கரண்டிப் பருப்பு, நாலைந்து துண்டு உருளைக்கிழங்குப் பிரட்டல். எதையும் எறிய எனக்குக் கை வராது. ஊரில் எங்கள் வீட்டில் பிரிட்ஜ் இருந்ததில்லை. அம்மா மீன்குழம்பை அடுத்த நாளும் சூடுகாட்டி வைப்பார். அது முதல்நாளை விட ருசியாக இருக்கும். சண்டை நடந்த காலத்தில் முகாமில் இருந்தபோது பார்சல் சோறு தருவார்கள். எப்போது சமைத்தது என்று ஒருவரும் கேட்டதில்லை. பாதியைச் சாப்பிட்டுவிட்டு மீதியை மூடி வைத்து, அந்த மூடியின்மேல் கை வைத்தபடி தூங்கியிருக்கிறேன். பிறகு தோஹா ஹோட்டலில், விருந்து முடிந்ததும் தட்டுத் தட்டாக உணவைக் கறுப்புப் பைகளில் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பைகளைக் கட்டுவது என் வேலை. எனக்கென்று ஒரு அடுப்படி வந்தால் அதில் ஒரு பிடி சோறும் குப்பைக்குப் போகாது என்று அங்கேதான் முடிவெடுத்தேன். அதனால் கிழமைக்கொரு முறை பிரிட்ஜில் இருக்கும் எல்லா டப்பாவையும் திறந்து, கலந்து, புதிதாக எதையாவது செய்துவிடுவேன். சேவியர் அதற்கு 'சங்கமம்' என்று பெயர் வைத்திருக்கிறார்.

கார்த்திகை பிறந்ததும் மணி மலைக்கு மாலை போட்டார். கறுப்பு வேட்டி, வெறுங்கால், நெற்றியில் சந்தனம். எல்லோரும் அவரைச் சாமி என்றார்கள், அவரும் எல்லோரையும் சாமி என்றார். படியில் என்னைக் கண்டு "சாமி, தண்ணி வருதா சாமி?" என்று கேட்டபோது நான் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். போன வருஷம் தேவிக்குக் கர்ப்பப்பையில் ஒரு பெரிய ஆபரேஷன் நடந்தது. அவள் பிழைத்து வந்தால் நடந்தே மலை ஏறுகிறேன் என்று அவர் வேண்டியிருந்தார். இது அந்த நேர்த்தி.

பாதி விரதத்தில் தேவிக்குக் காய்ச்சல் வந்தது. நான் எட்டிப் பார்த்தபோது போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள். "சாமிக்கு டிபன் ஆக்கணும்க்கா. எழுந்துக்கவே முடியல" என்றாள்.

"நீங்கள் படுங்கோ. நான் குளிச்சிட்டு, மச்சம் படாத சட்டியிலை செய்துகொண்டு வாறன்."

அவள் தன் கன்னத்திலிருந்த மச்சத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். மச்சம் என்றால் எங்கள் பக்கம் மீன், இறைச்சி. அவளுக்கு அது காய்ச்சலில் காதில் விழுந்த ஏதோ ஒன்று. தலையை ஆட்டினாள்.

நான் குளித்தேன். மாதா படத்துக்கு முன்னால் விளக்குக் கொளுத்தினேன். மீன் படாத சட்டியைத் தேய்த்துக் கழுவினேன். பிரிட்ஜில் இருந்த கரட்டையும் போஞ்சியையும் பிரட்டலையும் பருப்பையும் ஒன்றாக வதக்கி, கோதுமை மாவில் வைத்து முக்கோணமாக மடித்துச் சுட்டேன். சுடச்சுட எடுத்துக்கொண்டு போனேன். மணி சரணம் சொல்லிவிட்டு உட்கார்ந்து ஒன்றை எடுத்துக் கடித்தார். முகம் மலர்ந்தது.

"நல்லாகீது சாமி. இன்னா இது? உள்ள இன்னா வெச்சிகிறீங்க?"

"மரக்கறி ரொட்டி, அண்ணா. நேற்றுச் சமைச்ச கறியள்தான்."

அவர் மெல்லுவதை நிறுத்தினார். "கறியா?"

"ஓம். நாலு கறி கிடந்தது. எல்லாத்தையும் போட்டன்."

கட்டிலில் இருந்து தேவி துள்ளி எழுந்தாள். "ஐயோ! துப்புங்க, துப்புங்க சாமி!" அவர் குழாயடிக்கு ஓடினார். நான் பின்னாலேயே தண்ணீர்ச் செம்போடு ஓடி, "உறைப்போ அண்ணா? மிளகாய் கூடிப்போச்சோ?" என்று கேட்டுக்கொண்டு நின்றேன்.

"மாலை போட்டுகினு கீறாருன்னு தெரியுமில்லக்கா? தெரிஞ்சிகினே கறி குடுத்துட்டீங்களே!" தேவி கட்டிலைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"கறிதானே தேவி? கரட், போஞ்சி..."

"போஞ்சின்னா இன்னா? மீனா?"

அப்போதுதான் எனக்கு ஏதோ உறைத்தது. கறி என்றால் இங்கே இறைச்சி. சைவம் என்ற ஒரு சொல் அந்த நேரத்தில் என் வாயில் வந்திருந்தால் போதும். வரவில்லை. மேலே ஓடிப்போய் டப்பாக்களை அள்ளிக்கொண்டு வந்து திறந்து காட்டினேன். தேவி விரலால் கிளறிப் பார்த்தாள். "அட, பீன்ஸு" என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். மணி குழாயடியில் நின்றபடியே கண்ணை மூடிக் கும்பிட்டார். எனக்கும் மூச்சு வந்தது. அந்த நிம்மதியில், அவர்களை இன்னும் ஆறுதல்படுத்துவதாக நினைத்து, "எல்லாம் நேற்றைய மிச்சம்தான். ஒண்டையும் வீணாக்கேல்லை" என்று சொன்னேன்.

மணி கும்பிட்ட கையை இறக்கிவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"நேத்திக்கு ஆக்கினதா சாமி?"

"ஓம்."

"மாலை போட்டுகினு பழசு சாப்புடக்கூடாது சாமி."

அவர் கோபப்படவில்லை. அதுதான் என்னை அதிகம் வருத்தியது. துண்டை எடுத்துக்கொண்டு மறுபடி குளிக்கப் போனார். பிறகு வெறுங்காலோடு தன் குருசாமியைப் பார்க்கக் கிளம்பினார். தேவி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் ரொட்டித் தட்டை எடுப்பதா, விடுவதா என்று தெரியாமல் நின்றுவிட்டு எடுத்துக்கொண்டு வந்தேன். எங்கள் சமயத்திலும் தவக்காலம் உண்டு. இறைச்சி, மீன் தொடமாட்டோம். ஆனால் நேற்றைய பருப்பு பாவம் என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. கெட்டுப்போகாத சாப்பாட்டில் என்ன குற்றம்? சேவியரிடம் கேட்டேன். அவர் முதலில் சிரித்தார். தேவிக்காகப் போட்ட மாலை அது என்று நான் சொன்னதும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

குருசாமி என்ன சொன்னார் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அடுத்த நாள் தேவியின் காய்ச்சல் ஏறியது. என் ரொட்டியால் நேர்த்தி கெட்டுத்தான் இப்படி ஆனதோ என்று அவள் நினைக்கிறாளோ என்று நான் நினைத்தேன். அப்படி நினைப்பது மடத்தனம் என்றும் நினைத்தேன். இரண்டு நினைப்பும் மாறிமாறி வந்தன. மணி லோடு ஏற்றி ஸ்ரீபெரும்புதூர் போயிருந்தார். பகலில் நான் கதவைத் தட்டியபோது உள்ளிருந்து பதில் வரவில்லை. தள்ளிக்கொண்டு போனேன். அவள் குளியலறை வாசலில் உட்கார்ந்திருந்தாள், எழ முடியவில்லை. தூக்கி நிறுத்தி, ஆட்டோ பிடித்து ஆவடியில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டெங்கு என்றார்கள். படுக்கையில் சேர்த்துக்கொண்டார்கள்.

மாலையில் மணி ஓடி வந்தார். என்னைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டார். நான் அதற்காகத்தான் காத்திருந்ததுபோல் கேட்டுவிட்டேன்.

"அண்ணா, மாலையைக் கழட்ட வேணுமாமோ?"

"இல்ல சாமி. குருசாமி கேட்டுட்டுச் சிரிச்சாரு. தெரியாம அன்பா குடுத்தது, தோசம் இல்ல, குளிச்சிட்டு சரணம் சொல்லுன்னாரு. அன்னிக்கே சொல்லணும்னு நெனச்சேன். நீங்க கதவையே தொறக்கல."

அவள் ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் அவருக்கு நான்தான் சமைத்தேன். அவராகத்தான் கேட்டார். விடியற்காலையில் குளித்து, புதிதாக அரிசி களைந்து, புதிதாகக் காய் நறுக்கி. என்ன சமைக்கிறேன் என்று படுக்கையில் இருந்தே தேவி போனில் விசாரிப்பாள். "அளவா ஆக்குங்க. மிஞ்சினா வெச்சிகினு இருக்காதீங்க, மாட்டுக்கு வெச்சிடுங்க" என்பாள். நான் சரி என்பேன். மிஞ்சியதைக் கொண்டுபோய் டப்பாவில் போட்டு நாங்கள் அடுத்த நாள் சாப்பிட்டோம். ஒரே அடுப்பில் புதுசுக்கு ஒரு சட்டமும் பழசுக்கு ஒரு சட்டமும் நடந்தன. எது யாருடைய சட்டம் என்று எனக்கே குழம்பியது.

தேவிக்குக் கஞ்சி கொண்டுபோன ஒரு மத்தியானம், மூடியைத் திறக்க முன்னமே அவள் கேட்டாள், "இன்னிக்கு வெச்சதாக்கா?"

"இண்டைக்குத்தான். சத்தியமாய்."

ஸ்பூனால் இரண்டு வாய் குடித்தாள். பிறகு நிறுத்தினாள்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. எங்கம்மா வயல் வேலை போனப்புறம் ஊட்டு வேலைக்குப் போச்சு. அந்தூட்ல மிஞ்சினது தான் எங்களுக்கு. ஸ்கூல் உட்டு வந்தா தூக்குல அதான் இருக்கும். சாம்பாரும் பாயசமும் ஒண்ணா ஊத்திக் குடுப்பாங்க. ஒரு நாள் என்கூடப் படிச்ச பொண்ணு, 'அது எங்கூட்டு நேத்து கொழம்பு'ன்னுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. எம் பொண்ணு பொறந்தப்ப முடிவு பண்ணேன். எங்கூட்ல யாரும் நேத்து சோறு துன்னக்கூடாது. மாட்டுக்கு வெக்கிறது புண்ணியத்துக்கு இல்லக்கா. ஊட்ல இருந்தா நானே துன்னுடுவேன், அதான்."

நான் அவளுக்கு முகாம் சோற்றைப் பற்றிச் சொன்னேன். மூடியின்மேல் கை வைத்துக்கொண்டு தூங்கியதையும் சொன்னேன். அவள் என் கையைப் பார்த்தாள். இரண்டு பேரும் பட்டினி கிடந்தவர்கள்தான். அவள் அதிலிருந்து ஒரு பாடம் படித்திருந்தாள். நான் அதற்கு நேர் எதிரான பாடம். இரண்டில் எது சரி என்று அன்றைக்கும் தெரியவில்லை, இதை எழுதும்போதும் தெரியவில்லை. மன்னாரில் இருந்து இதை வாசிக்கும் உங்களுக்கும், வேறு வேறு ஊர்களில் வேறு பிரிட்ஜுகளைத் திறந்து மூடிக்கொண்டிருக்கும் உங்களுக்கும் ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள்.

தேவி தேறி வீட்டுக்கு வந்தாள். மணி மலைக்குப் போய்த் திரும்பினார். மாலை கழற்றிய மறுநாள் படியில் என்னைப் பார்த்து, "இன்னாக்கா, நல்லாகிறீங்களா?" என்று பழையபடி கேட்டார். சாமி போய் மறுபடி அக்காவாகிவிட்டேன். கொஞ்சம் இழந்ததுபோல் இருந்தது.

இப்போது ஒரு ஏற்பாடு நடக்கிறது. யாரும் பேசி முடிவு செய்ததல்ல. வேலை முடிந்து வந்ததும் தேவி காலைச் சமையலில் மிஞ்சியதைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு மேலே வருவாள். "இன்னும் பழசாவல, அதுக்குள்ள எதுனா பண்ணுக்கா" என்பாள். பொழுது படுவதற்குள் இருவருமாகச் சேர்ந்து அதை வேறொன்றாக்கி, இரண்டு வீட்டுக்கும் பிரித்துக்கொள்வோம். என்னுடைய நேற்றைய டப்பாக்களை அவள் தொடமாட்டாள். நானும் அவற்றை இதில் கலக்கமாட்டேன்.

போன வாரம் அவளுடைய முருங்கைக்காய்ச் சாம்பாரில் நான் தேங்காய்ப்பால் விட்டு, எலுமிச்சம்புளி பிழிந்து கொதிக்க வைத்துக்கொண்டிருந்தபோது தங்கச்சி வீடியோவில் வந்தாள். போனைச் சட்டிப்பக்கம் திருப்பிக் காட்டினேன்.

"வடிவாயிருக்கு. சொதியே அக்கா?" என்றாள்.

"கொழம்பு" என்றாள் தேவி பக்கத்திலிருந்து, கொஞ்சம் உரிமையோடு.

"தேங்காய்ப்பால் விட்டா அது சொதியெல்லே?"

"பருப்பு கீது, முருங்கக்கா கீது. அப்புறம் கொழம்பில்லாம இன்னா? நீயே சொல்லுக்கா."

ஒருத்தி திரைக்குள்ளிருந்தும் ஒருத்தி தோளருகிலிருந்தும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அகப்பையால் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தேன். உப்பு சரியாக இருந்தது. புளிப்பும் சரி. பெயர்தான் வாயில் வரவில்லை.