ஓரத்தில் எழுதிய உத்தேசம்

"மாப்ள, கணக்கு சார் போயிட்டாருடா." செல்லூரில் எங்கள் வீட்டு வாசலில், சைக்கிளை விட்டு இறங்காமலே சொன்னான் என் வகுப்புத் தோழன் செல்லச்சாமி.

கணக்கு சார் என்றால், காலேஜில் எங்கள் இன்ஜினியரிங் வகுப்புக்குக் கணக்கு எடுத்த சங்கரபாண்டியன் சார். அவர் வகுப்பில் நான் அதிகம் செய்தது பெருக்கல்தான். செய்த சேட்டைக்குத் தண்டனையாக, துடைப்பத்தோடு.

யுத்தகாலக் காகிதப் பஞ்சத்திலும் பரீட்சைத் தாளில் இடது ஓரத்தைக் காலியாக விடச் சொன்னவர் அவர். கணக்கைப் போடுமுன், விடை எம்புட்டு வரும் என்று உத்தேசமாக அங்கே எழுத வேண்டும். அதற்குத் தனி மதிப்பெண். "உத்தேசம் தெரியாதவன் கட்டுன பாலத்துல நான் நடக்க மாட்டேன்" என்பார்.

போன வருடத் தேர்வில் நான் முதலில் கணக்கைப் போட்டுவிட்டு, அந்த விடையையே ஓரத்திலும் எழுதிவைத்தேன். பத்துக் கணக்குக்கும், தசமப் புள்ளியோடு!

"இம்புட்டுச் சரியா உத்தேசம் சொல்றவனுக்குக் காலேஜ் எதுக்குப்பா? ஒரு கிளி வாங்கிக்க" என்றார் சார். வகுப்பே சிரித்தது. ஓரத்தில் ஏமாற்றியதற்காக முழுத் தாளுக்கும் முட்டை. தவறினால் படிப்பை நிறுத்திவிடுவதாக அப்பா சொல்லியிருந்ததால் எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

விடுமுறையில், ஆனையூரில் அவர் வீட்டில் மறுதேர்வு. வினாத்தாள் கிடையாது. தோட்டத்துக் கிணற்றைக் காட்டி, "தண்ணி எத்தனை கன அடி?" என்றார். எட்டிப் பார்த்து, ஓரத்தில் தொள்ளாயிரம் என்று எழுதினேன். பிறகு கயிறு விட்டு ஆழமும் அகலமும் அளந்து கணக்குப் போட்டால், ஆயிரத்து முந்நூற்று ஐம்பத்தேழு! கை தானாக ரப்பரைத் தேடியது.

"அழிக்காதடா. உன் கண்ணு எம்புட்டுக் குறைச்சுப் பாக்குதுன்னு தெரிஞ்சாத்தானே நாளைக்குச் சேத்துக்குவ? தப்பா இருந்தாலும் இது நீ சொன்னது." தாளில் 'தேர்ச்சி' என்று எழுதி நீட்டினார். "உங்கப்பாகிட்டச் சொல்லு, கிளி வேணாம்னு."

அவருடைய இறுதி ஊர்வலத்துக்குக் கிளம்புமுன், பழக்கதோஷம், ஒரு தாளின் ஓரத்தில் எழுதினேன்: நூறு பேர். அவர் வீட்டுத் தெருமுனையில் நின்று நானும் செல்லச்சாமியும் எண்ணினோம். வாடிப்பட்டி என்ற ஒரே ஊரிலிருந்து மூன்று வண்டி ஆட்கள். நானூற்றைத் தாண்டியதும், என் கிணற்றுக் கதை தெரிந்த செல்லச்சாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உன் கண்ணு இன்னும் குறைச்சுத்தான் பாக்குது மாப்ள" என்றான்.

தாள் என் சட்டைப் பையில் இருக்கிறது, சார். நூறு என்றே இருக்கிறது. அழிக்கவில்லை.