உப்பில் கட்டிய பீங்கான்

எத்தாளையிலிருந்து ராத்தாவின் மகள் அனுப்பிய பெட்டியை இன்று காலை திறந்தேன். வைக்கோல் வாசனை முகத்தில் அடித்தது. என் ஒரே அக்கா ராத்தா மௌத்தாகி, அவளை அடக்கி நாற்பது நாள்தான் ஆகிறது.

பாலாவியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் உப்பளத்து உப்புக் குவிந்து கிடக்கும். ராத்தாவின் கலியாணத்துக்கு உம்மா சேர்த்த பீங்கான் தட்டுகளை வைக்கோல் வைத்துக் கட்டும் வேலை எனக்கு வந்தது. அப்போது எனக்குப் பத்து வயது. வயல்வரை நடக்கச் சோம்பல்பட்டு, பெட்டியை உப்பால் நிரப்பி ஆணி அடித்தேன். அசைத்துப் பார்த்தேன், ஒரு சத்தமும் இல்லை. ஆனால் பெட்டியை ஏற்றிப் போன லொறி மழையில் நனைந்தது. உப்புக் கரைந்து பலகை இடுக்கால் வடிய, தட்டுகள் ஒன்றோடொன்று மோதி நொறுங்கின.

மாப்பிள்ளை வீட்டில் ராத்தாவின் மாமி பெட்டியைத் திறந்து கேட்டாள்: "இத யாரு கட்டின?"

நான் ராத்தாவின் பின்னால் ஒளிந்து நின்றேன்.

"நான்தான் மாமி," என்றாள் ராத்தா.

"அப்ப ஒனக்கு இனித் தகரத் தட்டுத்தான். ஒடைக்கிற கைக்குப் பீங்கான் எதுக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். பகிடியென்றுதான் நானும் நினைத்தேன். மாமி சாகும்வரை ராத்தா தகரத் தட்டில்தான் சாப்பிட்டாள். ஒவ்வொரு பெருநாளும் அங்கே போய், அவள் எதிரே பீங்கானில் சாப்பிட்டு வந்தேன்.

இன்று திறந்த பெட்டியில், வைக்கோலுக்குள் அந்தத் தகரத் தட்டு இருந்தது. அவள் மகளுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"ஒடையாத சாமானுக்கு ஏன் மகள் இவ்வளவு வைக்கோல்?"

"உம்மாதான் அப்பிடிப் பழக்கின, மாமா. எதக் கட்டினாலும் வைக்கோல்தான் வெக்கோணுமாம், உப்பு மட்டும் வெக்கக் கூடாதாம். உப்பு வெச்சு யாராவது கட்டுவாங்களா மாமா?"

"தெரியாது மகள்," என்றேன்.