இரைச்சல் இல்லாத பிக்கப்

பகலில் அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பாள். விடுமுறை நாட்களில் மேடையேறி பேஸ் கிட்டார் வாசிப்பாள். அவள் தந்தியைத் தொட்டால் தரை அதிரும் என்று இசைக்குழுவில் அவளுக்கு 'இடி' என்று பெயர். வீட்டிலோ அவள் இருக்கிற இடம் தெரியாது. கணவனுக்கு வெளியூரில் வேலை. அவளும் சின்ன மகளும் மாமனாரும்தான் வீட்டில்.

மாமனார் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்ந்தவர். அந்த வீட்டுக்கும் தெருவில் பல வீடுகளுக்கும் வயரிங் செய்தது அவர்தான். "நான் இழுத்த வயரு, நான் போனாலும் நிக்கும்" என்பார், யாரும் கேட்காமலே.

மழை பிடித்துக்கொண்ட நாட்களில் கிட்டார் இரைய ஆரம்பித்தது. தந்தியிலிருந்து கையை எடுத்தால் போதும், ஸ்பீக்கரில் வண்டு அடைத்த மாதிரி ஒரு ரீங்காரம். நடு அறைச் சுவரை நெருங்க நெருங்க அது வலுத்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மகளின் கட்டில்.

"இடி, அடுத்த வாரம் ரெக்கார்டிங். பிக்கப்பை மாத்தித் தொலை" என்றான் டிரம்ஸ்காரன்.

கிட்டார் பழுது பார்ப்பவர், தந்தியின் அதிர்வைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் பிக்கப்புகளில் இரண்டு ஜோடியை மேஜைமேல் வைத்தார். "இது உங்க பழசு மாதிரியே ஒத்தைச் சுருள். சத்தம் பளிச்சுனு இருக்கும். ஆனா பக்கத்துல கரண்ட் ஓடினா அதையும் சேர்த்து இழுத்துக்கும். இது ரெட்டைச் சுருள். ஒண்ணு இழுக்கிற இரைச்சலை இன்னொண்ணு அடிச்சிடும். சத்தம்தான் கொஞ்சம் மழுங்கும்."

இரண்டையும் கேட்டாள். முதலாவது நெஞ்செலும்பில் விரல் வைத்து அழுத்தியது. இரண்டாவது போர்வைக்குள்ளிருந்து பேசியது.

அவர் அவளுடைய பழைய பிக்கப்பையும் ஒருமுறை ஆம்ப்ளிஃபயரில் மாட்டிப் பார்த்தார். "இங்க சமத்தா இருக்கே! வீட்ல மட்டும்தான் கத்துதா? எதுக்கும் வயரிங்கைப் பாக்கச் சொல்லுங்க."

அன்று சாப்பாட்டு வேளையில் மெல்லத்தான் ஆரம்பித்தாள். "மாமா, நடு ரூம் வயரை ஒரு தடவை..."

"என் வயருக்கு என்ன?"

அவ்வளவுதான். மறுநாளே ரெட்டைச் சுருளை வாங்கி மாட்டினாள். அதே சுவரோரம் நின்று கையை எடுத்தபோது இரைச்சலே இல்லை; வீடு மூச்சை அடக்கியது போலிருந்தது. மாமனார் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"பாத்தியாம்மா? கோளாறு கிட்டார்லதான்."

தன் கையாலேயே சாட்சியின் வாயைத் தைத்துவிட்ட மாதிரி இருந்தது அவளுக்கு. ரெக்கார்டிங் பிரமாதமாக முடிந்தது. எல்லோரும் பாராட்டினார்கள். அவள் மட்டும் வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் அந்தச் சுவரைப் பார்த்தாள்.

ஒரு சாயங்காலம் மகள் கட்டிலில் சுவரோடு ஒண்டிப் படுத்திருந்தாள். வெளியே மழை.

"ஏண்டி இப்படி ஒட்டிக்கிட்டிருக்க?"

"இங்கதான்மா கதகதன்னு இருக்கு."

அவள் மகளைத் தூக்கி வாசலறையில் உட்கார வைத்தாள். புதியதைக் கழற்றிவிட்டுப் பழைய பிக்கப்பை ஈயம் உருக்கிக் கிட்டாரில் பற்றவைத்தாள். அவசரத்தில் விரலையும் சுட்டுக்கொண்டாள். பிறகு மாமனாரைக் கூப்பிட்டு, தந்தியைத் தொடாமல் கிட்டாரைச் சுவரோரமாக நகர்த்தினாள். ஸ்விட்ச் போர்டுக்கு மேலே ஓர் இடத்தில் ஸ்பீக்கர் அலறியது.

"அந்த இடத்துல கை வைங்க மாமா."

வேண்டா வெறுப்பாக வைத்தார். வெடுக்கென்று எடுத்தார். அப்புறம் அந்த வயதில் அவரால் ஓட முடியும் என்பதையே அவள் அன்றுதான் பார்த்தாள். மெயின் ஸ்விட்ச் இறங்கியது. வீடு இருட்டாயிற்று.

டார்ச் வெளிச்சத்தில் அவரே சுவரைக் கொத்தினார். வயர் போன குழாய் உருகி வளைந்திருந்தது. உள்ளே வயர் கரிக்கட்டை. அவர் தொட்டதும் உறை உதிர்ந்தது.

"மட்டமான சரக்கு" என்றார், தனக்குத்தானே. "அப்ப மலிவா கிடைச்சதேன்னு மொத்தமா எடுத்தேன்."

"மொத்தமான்னா? மிச்சத்தை எங்க மாமா போட்டீங்க?"

அவர் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தார். எதிர் வரிசையில் வீட்டுக்கு வீடு விளக்கு எரிந்தது. ஒரு வீட்டில் யாரோ துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சட்டையை எடும்மா" என்றார் கடைசியில். "எதிர் வீட்டுலேர்ந்து ஆரம்பிக்கணும்."