தவளைக் காரின் விசிறிகள்

எங்கள் மாமாவிடம் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது என்று சொன்னால், கேட்கிறவர்கள் கொஞ்சம் மரியாதையோடு நிமிர்ந்து உட்காருகிறார்கள். அந்த மரியாதையை உடனே திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது. செங்கோட்டைக்கு மேலே மலையில் இருந்த ஒரு எஸ்டேட்காரர் ஊரைவிட்டுப் போகும்போது, இனி ஓடாது என்று போட்டுவிட்டுப் போன வண்டி அது. இரண்டே சீட்டு, மேலே கூரை கிடையாது, முன்னால் பிதுங்கிக்கொண்டு இரண்டு விளக்குகள். அம்மாவின் ஒரே தம்பியான மாமா தென்காசியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக்காக இருந்தார். கயிறு கட்டி அதை இழுத்து வந்து, வருஷக்கணக்கில் மல்லுக்கட்டி ஓடவைத்துச் சிவப்புப் பெயிண்ட் அடித்தார். ஊர் அதற்குத் தவளைக் கார் என்று பேர் வைத்துவிட்டது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூட வாசலில் அந்தக் காரின் ஹாரன் கேட்டால் நான் பின்பக்கச் சந்து வழியாக வீட்டுக்கு ஓடிப்போய்விடுவேன். கூடப் படிக்கிற பிள்ளைகள் தவளை மாதிரியே கத்துவார்கள். மாமா அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டு பதிலுக்கு ஹாரன் அடிப்பார்.

அந்த வருஷம் ஆனியில் அக்காவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை சுரண்டைக்காரர், திருநெல்வேலியில் பேங்க் உத்தியோகம். கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு காரில்தான் நடக்க வேண்டும் என்று அவர்கள் வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கணக்கு வாத்தியாரான அப்பா, திருநெல்வேலியிலிருந்து நீளமான திறந்த கார் ஒன்றை வாடகைக்கு ஏற்பாடு செய்யக் கிளம்பினார். அப்போதுதான் மாமா வந்து வாசலில் நின்றார்.

"மாப்பிள்ளைய என் கார்லதான் கூட்டிட்டு வருவேன். வேற ஒண்ணும் நான் கேக்கல" என்றார்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள். யார் சொன்னாலும் எதற்கும் இறங்கி வராத அப்பா, "சரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. மாப்பிள்ளை வீட்டார் முன்னால் அக்கா தலைகுனிந்து நிற்கப் போகிறாளே, அது ஏன் இந்தப் பெரியவர்களுக்குத் தெரியவில்லை என்று மனசுக்குள் கத்தினேன்.

தவளைக் காராகவே வந்திருந்தால்கூடப் பரவாயில்லை. எஸ்டேட்காரர் விட்டுப்போன ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில், பந்தயக் கார் ஒன்றின் சக்கரங்களில் விசிறி வைத்திருக்கிற படம் மாமாவின் கண்ணில் பட்டிருந்தது. பழைய மேசை விசிறிகள் நாலைத் தேடிப் பிடித்து, இறக்கைகளைக் கழற்றி, ரோஸும் மஞ்சளுமாகப் பெயிண்ட் அடித்தார். சக்கரங்களின் நடுவில் சைக்கிள் பேரிங் வைத்து அவற்றைப் பொருத்தினார். கார் வேகம் எடுத்தால் காற்றில் அவை தானாகச் சுற்ற வேண்டும். குற்றாலம் ரோட்டில், சாரல் காற்றில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தவருக்கு முகமெல்லாம் பல்.

"ஏட்டி, சுத்துது பாத்துக்கோ! சும்மா கொர்ருன்னு சுத்துது!"

ஆனால் மாப்பிள்ளை அழைப்பில் காரை ஓட்டுவது டிரைவர் இல்லை, மேளக்காரர்கள். நாதஸ்வரம் ஒவ்வொரு தெருமுனையிலும் நின்று ஊதும், அது நகர்ந்தால்தான் பின்னால் கார் நகரும். ஆயிரம் தடவை பார்த்த விஷயம். அது எங்கள் மாமாவுக்கு மட்டும் அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

பிள்ளையார் கோவிலிலிருந்து ஊர்வலம் கிளம்பியது. இரண்டு சீட்டில் ஒன்றில் மாமா, இன்னொன்றில் கோட்டும் சூட்டும் மாலையுமாக மாப்பிள்ளை. பெண் வீட்டுச் சிறுபிள்ளை ஒன்று மாப்பிள்ளையோடு வர வேண்டும் என்ற வழக்கத்துக்காக நடுவில் நான். மாப்பிள்ளைத் தோழனுக்கு இடமில்லாமல் அவர் நடந்து வந்தார். "எங்க வீட்டுப் பிள்ளைய நடக்க விட்டுட்டாங்களே" என்று மாப்பிள்ளையின் அம்மா பின்னாலிருந்து புலம்பிக்கொண்டே வந்தாள். விசிறிகள் அசையவே இல்லை. தெருப் பையன்கள் ஓடிவந்து கையால் சுற்றிவிட்டுச் சிரித்தார்கள். மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருவர், "என்ன அண்ணாச்சி, ஃபேன் நிக்குது? கரண்டு போயிட்டோ?" என்று கேட்டதும் தெருவே சிரித்தது. கூட்டத்தில் என் வகுப்புப் பிள்ளைகள் நின்றார்கள். நான் சீட்டுக்குக் கீழே சரிந்தேன். பூமி பிளந்து என்னை விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது.

மாமாவின் முகம் சிவந்துவிட்டது. "சுத்தாதுன்னா நெனைக்குதீங்க?" என்றார். அவ்வளவுதான், ஆக்சிலேட்டரை மிதித்தார். மேளக்காரர்கள் இரண்டு பக்கமும் சிதறினார்கள், பெட்ரோமாக்ஸ் விளக்குகள் பின்னால் போயின, யாரோ ஐயோ என்று கத்தினார்கள். கார் குற்றாலம் ரோட்டில் பறந்தது.

விசிறிகள் சுற்றின. பொய் சொல்லக் கூடாது, அழகாகத்தான் சுற்றின. மேலகரம் தாண்டியதும் சாரல் பிடித்துக்கொண்டது. மாலையிலிருந்து பூவெல்லாம் பறக்க, மாப்பிள்ளை சின்னப் பிள்ளை மாதிரி எட்டி எட்டிச் சக்கரத்தைப் பார்த்துச் சிரித்தார். அருவி தூரத்தில் தெரிகிற இடத்தில் மாமா காரை நிறுத்தினார்.

"மாப்பிள்ளை, அவ வாய்விட்டு ஒண்ணும் கேக்க மாட்டா. பசிச்சாக்கூடக் கேக்க மாட்டா. நீங்கதான் கேக்கணும்" என்றார். "இருட்டுன்னா பயம். தூங்கையில ஒரு வெளக்கு எரியணும். கோவம் வந்தா சண்டை போட மாட்டா, சிரிச்சுக்கிட்டே இருப்பா. அப்பதான் நீங்க சூதானமா இருக்கணும்."

எனக்கு உடம்பு கூசிப்போயிற்று. பெண் இருட்டுக்குப் பயப்படுவாள் என்று மாப்பிள்ளையிடமே போய்ச் சொல்கிற ஆள் உலகத்தில் உண்டா? மாமாவின் தொடையில் நறுக்கென்று கிள்ளினேன். அவர் நகரக்கூட இல்லை. மாப்பிள்ளையின் சிரிப்பு நின்றுபோயிருந்தது. அவர் மாமாவின் முகத்தையே பார்த்துவிட்டு, "சரி அண்ணாச்சி. நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

திரும்பி வந்தபோது ஊர்வலம் அதே இடத்தில் நின்றது. மாப்பிள்ளையின் சந்தனமும் குங்குமமும் கரைந்து சட்டையில் ஒழுகியிருந்தன. கழுத்தில் மாலை இல்லை, நார்தான் இருந்தது. அவருடைய அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். அப்பா காருக்குப் பக்கத்தில் வந்தார். "எல்லாம் பேசி முடிச்சாச்சுன்னுதானலே இருந்தேன்" என்றார் மாமாவிடம். அம்மா வந்து, அத்தனை பேர் முன்னால், தன் தம்பியின் கன்னத்தில் அறைந்தாள். மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போது மாப்பிள்ளை காரிலிருந்து இறங்கி, "நான்தான் கேட்டேன். விசிறி சுத்துறத எனக்குப் பாக்கணும்னு நான்தான் அண்ணாச்சிகிட்டச் சொன்னேன்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அது பொய் என்று தெரிந்தவர்கள் மூன்று பேர்தான். மேளம் மறுபடியும் ஆரம்பித்தது.

அப்பா என்ன பேசி முடித்தார் என்று பல வருஷம் கழித்துத்தான் அம்மா எனக்குச் சொன்னாள். தாய்மாமனுக்கு அக்காள் மகளைக் கட்டிக்கொள்ளும் முறை எங்களில் உண்டு. அக்கா பிறந்த நாளிலிருந்து அவள் மாமாவுக்குத்தான் என்று வீட்டில் பேச்சு. அவள் பெரியவளான பிறகு, கிரீஸ் கைக்காரனுக்குப் பெண் இல்லை என்று அப்பா சொல்லிவிட்டார். மாமா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லையாம். கார் திரும்பி வருகிறவரை, மாப்பிள்ளையை அவர் என்ன செய்துவிட்டாரோ என்றுதான் பெரியவர்கள் அத்தனை பேரும் உயிரைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். நானோ அவர்கள் காரின் வேகத்துக்காகத் திட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு மண்டபத்தில் அக்கா அலங்காரத்தோடு தனியாக ஒரு அறையில் இருந்தாள். வெளியே நடந்த கூத்தெல்லாம் அவள் காதுக்கும் வந்திருக்கும். ஈரப் பாவாடையோடு நான் உள்ளே போனதும் என் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தாள். மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்பாள் என்று நினைத்தேன்.

"சுத்திச்சாட்டி?" என்றாள்.

"நல்லா சுத்திச்சு. மானந்தான் போச்சு" என்றேன்.

அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தாள். பிறகு கண் மை கரைந்து கன்னத்தில் இறங்கியது. பாவம், அவளும் என்னைப் போல மாமாவை நினைத்து வெட்கப்பட்டுத்தான் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். "அழாதக்கா, நாளைக்கு அந்தக் கார மண்டபத்துப் பக்கமே வர விடக் கூடாதுன்னு அப்பாகிட்டச் சொல்லியாச்சு" என்று அவளுக்குச் சமாதானம் சொன்னேன்.