தெற்குச் சுவரைப் பார்த்து

பச்சை டப்பாவின் மூடியைத் திறந்ததும் அத்தர் வாசனை குப்பென்று வரும்; உள்ளே கண்ணாடிக்குக் கீழே ஒரு சிவப்பு ஊசி, காய்ச்சல்காரன் விரலைப் போல நடுங்கிக்கொண்டே இருக்கும். தொழும்போது மக்காவின் கஅபாவை நோக்கி நிற்க வேண்டும், அந்தத் திசைக்குக் கிப்லா என்று பெயர்; அதைக் கண்டுபிடிக்க ஹஜ்ஜுக்குப் போய்வந்த உறவினர் ஒருவர் கொடுத்த அந்தத் திசைகாட்டியை எங்கள் வீட்டில் "ஊசி டப்பா" என்போம். கம்பத்திலிருந்து வானகரத்து அடுக்குமாடிக்குக் குடிவந்த அன்று அப்பா, எங்கள் வழக்கில் அத்தா, அதை என் கையில் கொடுத்து, "ஏழாப்பு படிக்கிறவ, நீயே பாத்துச் சொல்லு" என்றார். நானும் பெரிய மனுஷியாட்டம் இரும்பு பீரோவை ஒட்டித் தரையில் வைத்துப் பார்த்து, "இந்தச் சுவர்தான்" என்று காட்டிவிட்டேன். இரும்புக்குப் பக்கத்தில் காந்த ஊசி பொய் சொல்லும் என்று பள்ளியில் படித்ததெல்லாம் பரீட்சைக்கு மட்டும்தான்.

புது ஊர், தரைத்தளத்து வீடு, மூன்று பக்கமும் அடுத்த கட்டடங்கள். கார்த்திகை மழை வேறு அடைத்துக்கொண்டு பெய்ததில், சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. பத்தாவது நாள், திருமழிசைக்கு வேலைக்குப் போன அத்தா மூச்சுத் திணறலோடு திரும்பி வந்தார். நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள். ஊரிலிருந்து வந்த மாமா அங்கேயே இருக்க, அம்மா காலையில் போய்விட்டுப் பிற்பகலில் வந்து எனக்குச் சோறு பொங்கிப் போடுவாள், பிறகு தொழுகை விரிப்பான முசல்லாவை விரித்து நான் காட்டிய சுவரைப் பார்த்து நிற்பாள். நெற்றியைத் தரையில் வைக்கும் ஸஜ்தாவில் அவள் தலை எழும்பவே எழும்பாது. அவள் எழுந்த பிறகு விரிப்பில் நெற்றி பட்ட இடம் ஈரமாக இருக்கும்.

ஒருநாள் மழை விட்டது. ஈரத்துணியோடு மொட்டை மாடிக்கு ஏறியவள், சிவந்து இறங்கிக்கொண்டிருந்த சூரியனைக் கண்டு அப்படியே நின்றுவிட்டேன். தொட்டியில் தண்ணீர் பார்க்க வந்திருந்த வாட்ச்மேனிடம் நாங்கள் தொழும் பக்கம் கையைக் காட்டி, "மேற்கு இதுதானேண்ணே?" என்று கேட்டேன்.

"இன்னா பாப்பா, அது தெக்கு. அப்பால போரூர் ஏரி கீது. பூந்தமல்லி பக்கம் பாரு, சூரியனே எறங்கிகினு கீது, என்னாண்ட வந்து கேக்குறியே" என்று சிரித்தார்.

அம்மா அழுது கேட்ட துஆக்கள் அத்தனையும் போரூர் ஏரியில் போய் விழுந்துகொண்டிருந்தன என்றே நம்பினேன். அதைவிடப் பெரிய பயம் படியிறங்கும்போது வந்தது. "கிப்லா பக்கம் கால நீட்டாதே" என்பது எங்கள் வீட்டில் நாள் தவறாமல் விழும் அதட்டல். அத்தா இந்த வீட்டில் படுத்த பத்து நாளும் அவர் கால்கள் மேற்கே நீண்டிருந்தன. நோயையும் நான்தான் வரவழைத்தேன், அது குணமாகக் கேட்ட துஆவையும் நான்தான் திசை மாற்றிவிட்டேன் என்று முடிவுகட்டிக்கொண்டேன். அத்தா செத்துப்போனால் அது என்னால்தான்.

சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கப் போனாலே அம்மாவின் முகம் தெரியும், வேறு எதையாவது கேட்டுவிடுவேன். நாலு நாள், அஞ்சு வேளையும், தெற்கு என்று தெரிந்தே அந்தச் சுவரைப் பார்த்துத் தொழுதேன்.

நாலாம் நாள் பிற்பகல் அம்மா வந்து, "மூச்சுக்கு மெஷின் வைக்கணும்ங்கிறாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அசர் தொழ நின்றாள். தொழுகையில் இருப்பவர் பேச மாட்டார், திரும்பிப் பார்க்க மாட்டார். எனக்கு அந்தத் தைரியம் போதும். சமையலறை வாசலில் நின்றபடி ஒரே மூச்சில் கத்தினேன்: "அம்மா, அது கிப்லா இல்ல. நான் தப்பாக் காட்டிட்டேன். இந்தப் பக்கந்தான் மேற்கு."

அம்மா தொழுகையை முறிக்கவில்லை. கட்டிய கை கட்டியபடி, ஓதும் உதடு ஓதியபடி, அப்படியே வலப்பக்கம் திரும்பினாள். யார் முகத்தைப் பார்க்கப் பயந்து அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தேனோ, அந்த முகம் இப்போது எனக்கு நேர் எதிரே. தொழுகிறவர் குறுக்கே போகக் கூடாது என்பதால் நகரவும் முடியாமல் கதவோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். முசல்லா பழைய பக்கமே கிடக்க, வெறுந்தரையில் நெற்றியை வைத்தாள்.

தொழுகை முடிந்து ஸலாம் கொடுத்ததும், "எத்தன நாளாடி தெரியும்?" என்றாள். சொன்னேன். அடிக்கவில்லை.

"நான் தெரியாம நின்னேன். அது போய்ச் சேர வேண்டிய எடத்துக்குச் சேந்திருக்கும். நீ தெரிஞ்சே நின்னியே? அந்த நாலு நாளையும் நீ திருப்பித் தொழு."

அன்றே தொடங்கினேன். முசல்லா மேற்கே திரும்பிய ஐந்தாம் நாள், அத்தா மவுத்தானார்.

அடக்கம் செய்ய ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் போன பிறகு அம்மா ஒப்பாரி வைக்காத குறையாக அழுதாள். பிறகு முகம் கழுவி, அசருக்கு அதே மேற்கைப் பார்த்து நின்றாள். எனக்கு அவள் மேல் கோபமே வந்தது. முடித்ததும் கேட்டேன், "இப்ப திசை சரியாத்தானேம்மா இருந்துச்சு?"

"கேட்டது கெடைக்கணும்னு மட்டுமாடி அந்தப் பக்கம் நிக்கிறோம்?" என்றாள். பிறகு என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, "நீ சொல்லாததால ஒண்ணும் ஆகல" என்றாள். நான் கேட்காத கேள்விக்குப் பதில் அது.

இன்று கைபேசியில் ஓர் அம்பு கிப்லாவைக் காட்டிவிடுகிறது, பக்கத்தில் பீரோ இருந்தால் அதுவும் பொய் சொல்லும் என்று பள்ளிவாசலைப் பார்த்துச் சரிசெய்துகொள்ள எனக்குத் தெரிகிறது. வானகரத்து மாடியிலிருந்து சூரியன் இறங்குவது தெரிவதில்லை, எதிரே பெரிய கட்டடம் எழும்பிவிட்டது. அந்த நாலு நாள் தொழுகையை நான் அப்போதே முடித்துவிட்டேன். மனசு ஒப்பாமல் ஒவ்வொரு கார்த்திகை மழைக்கும் மறுபடி தொழுவேன். அம்மா பார்த்துவிட்டு, "இன்னுமாடி? எப்பவோ முடிஞ்சிருச்சு, எந்திரி" என்பாள். எழுந்துவிடுவேன். போன வருஷம் அம்மாவும் போய்விட்டாள். இந்த மழைக்கு நாலு நாளையும் தொழுது ஸலாம் கொடுத்தபின், எந்திரி என்று சொல்ல ஆளில்லாமல் வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.