நான் பொடைச்சுத் தள்ளின பார்லி

வசந்தா மேடம் தரையில உக்காந்து அழுத கதைய சொல்றேன். தொண்ணூத்தி அஞ்சோ ஆறோ. அடையாறுல ஒரு காலேஜ், அங்க எனக்கு தோட்ட வேலை. நொச்சிக்குப்பத்துலேர்ந்து பஸ்ல போவேன். அந்த கண்டக்டர் கீறானே, சில்லறை கேட்டே உசிர எடுப்பான். அத்த வுடு.

மேடம் டாக்டர் பட்டத்துக்கு படிச்சுக்கினு இருந்துச்சு. ஊசி போடற டாக்டர் இல்ல, இது வேற. தொட்டில பார்லி வளத்துச்சு. காய்ச்சக்காரனுக்கு கஞ்சி வெப்பமே, அதான். அதுல ஒரு வரிசை சுத்த நோஞ்சான். பக்கத்து தொட்டில கதிரே வந்துடுச்சு, இது இப்பதான் தூர் கட்டுது. அப்புறம் கதிர் வந்தும் பாதி வெத்துக்கூடு.

"இத்த புடுங்கிப் போடவா மேடம்?"

"ஐயோ முனிம்மா, அதான் எனக்கு வேணும். பார்லிக்குள்ள நூல் மாதிரி குரோமோசோம் பதினாலு இருக்கும். இதுக்கு மட்டும் பதினஞ்சு."

"ஒண்ணு கூட இருந்தா தெம்பா இல்ல வளரணும்?"

"ஏன் வளரலன்னு பாக்கத்தான் மூணு வருஷமா அல்லாடறேன்."

படிச்சவங்க சொன்னா சரின்னு அதுக்கும் தண்ணி ஊத்தினேன்.

அறுப்பு முடிஞ்சு தொட்டிக்கு ஒரு கவரா போட்டு வெச்சோம். மேடம் லீவு. மேடத்துக்கு மேல இருந்த பெரிய சார் வந்து, "எல்லாம் சுத்தம் பண்ணி வெய்யி"ன்னாரு. வூட்லேர்ந்து முறம் எடுத்தாந்தேன். பஸ்ல ஊரே சிரிச்சுது. ஒரு கவர் இன்னொண்ணோட கலக்காம பொடைச்சேன். படிக்கத் தெரியாட்டி இன்னா, அந்த கவனம் கீது எனக்கு.

மேடம் வந்து கவரப் பிரிச்சுது. "சுருங்கின விதையெல்லாம் எங்க?"

"பதரா? பொடைச்சுத் தள்ளிட்டேன்."

அப்டியே தரையில உக்காந்து அழுதுடுச்சு. "பதினஞ்சு இருக்கறது அதுலதான் அதிகம், முனிம்மா. நீ வெச்சிருக்கற குண்டு விதையில முக்காவாசி வெறும் பதினாலு."

எனக்கு வந்துச்சு பாரு கோவம். நோஞ்சான் செடி வேணும்னுச்சு, நோஞ்சான் விதை வேணும்னு சொல்லிச்சா? சார் இன்னான்னா, "பட்டம் போச்சு போ"ன்னுட்டு டீ குடிக்கப் போய்ட்டாரு. சுத்தம் பண்ணச் சொன்ன மகராசன்.

பொடைச்ச எடத்துல அணில் ரெண்டு மேஞ்சுக்கினு கீது. தொரத்தினேன். மண்ணோட வாரி, மாவு சல்லடையில சலிச்சேன். மேடம் சேலைய சொருகிக்கினு பக்கத்துல குந்திச்சு. ரெண்டு நாளு, முதுகு வுட்டுப் போச்சு. ஒரு கை பதரு தேறிச்சு. எந்தத் தொட்டிதோ, எல்லாம் கலந்து போச்சு.

"வேர் வந்தா அதுல நூல எண்ணிப் பாத்துக்கலாம்"னுச்சு மேடம்.

பாதி மொளைக்கவேயில்ல. மொளைச்சதோட வேர் நுனிய கண்ணாடில வெச்சு மைக்ராஸ்கோப்புல எண்ணிச்சு. "பதினாலு." திரும்ப, "பதினாலு." நான் வௌக்குமாத்த புடிச்சுக்கினு நிக்கறேன். மூணாவது ரொம்ப நேரம் பாத்துச்சு. "பதினஞ்சு, முனிம்மா." என்னையும் பாக்கச் சொல்லிச்சு. ஒண்ணு மேல ஒண்ணா புழு மாதிரி கெடந்துச்சு. அதுக்கா இத்தினி பாடுன்னு நெனச்சேன். அப்டி தேறின பதினஞ்ச வளத்து, மறு வருஷம் மேடம் பட்டம் வாங்கிடுச்சு.

அதுலேர்ந்து, சுத்தம் பண்ணுன்னு யாரு சொன்னாலும் முறத்த தொடமாட்டேன். "எது குப்பைன்னு மொதல்ல காட்டுங்க"ன்னுவேன். பெரிய சாருக்கு மூக்கு மேல கோவம் வரும். வந்தா வரட்டும். காட்டிட்டுதான் போவணும்.