மாவுக்குச் சொன்ன நல்ல வார்த்தை

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துப் பக்கம் போன முதல் ஆள் நான். அதனால்தான் இட்லி மாவிடம் பேசும் வேலை என் தலையில் விழுந்தது.

அப்போது மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். டில்லியில் சரோஜினி நகர் மார்க்கெட்டுக்குப் பின்னால், ரயில் பாதையை ஒட்டியிருந்த குடிசைகளில் ஒன்று எங்களுடையது. ஒரே அறை. அதன் மூலையில் பலகை அடித்து மறைத்த இடத்துக்குச் சமையலறை என்று பெயர். அப்பா வேலை பார்த்த கேன்டீனை மூடிவிட்டார்கள். அந்த வருஷம்தான் அவர் சைக்கிளில் இட்லி விற்கத் தொடங்கியிருந்தார். காலையில் லோதி ரோடு ஆபீஸ்களுக்கு வெளியே போய் நின்று ஹார்னை அமுக்குவார். பொங்குகிற மாவும் இரண்டு கால்களும் இருந்தால் போதும், இந்த ஊரில் பிழைத்துக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. அக்டோபர் வரை அந்தக் கணக்கு சரியாகவே வந்தது.

டில்லிக் குளிரை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. திண்டிவனத்துப் பக்கம் சாயங்காலம் ஆட்டிவைத்தால் காலையில் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். இங்கே டிசம்பர் பிறந்ததும், வைத்தது வைத்தபடி கிடந்தது. வெயிலில் வைக்கலாம் என்றால் நாள் முழுக்கப் பனிமூட்டம். அம்மா சாக்கைச் சுற்றினாள், பழைய புடவைகளைச் சுற்றினாள். மாவு அசைந்துகொடுக்கவில்லை. ஆபீஸ் வாசலில் ஒருவர், "பையா, இட்லி ஹை யா பத்தர்?" என்று கேட்டாராம். இட்லியா கல்லா என்று அவர் கேட்டதை அப்பா வீட்டில் வந்து சொன்னார். பக்கத்தில் இருந்தவர்களெல்லாம் சிரித்ததை இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னார்.

ஒருநாள் பாத்திரம் பாதி காலியாகாமல் திரும்பி வந்தது. அப்பா சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, "பொங்கல் வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். ஊர்ல செங்கல் சூளை இருக்கு" என்றார்.

"அங்க போனா இவன் படிப்பு?" என்றாள் அம்மா.

"நான் படிச்சா வளர்ந்தேன்?"

அம்மா எழுந்துபோய் எங்கள் மூவருக்குமாக இருந்த ரஜாயை எடுத்து மாவுப் பாத்திரத்தைச் சுற்றப் பார்த்தாள். டில்லியில் அந்தப் பஞ்சுப் போர்வை இல்லாமல் குளிர்காலத்தைத் தாண்ட முடியாது. அப்பா அதைப் பிடுங்கி என்மேல் போட்டார். "போர்த்திக்கிறதை மாவுக்குக் குடுத்துட்டு மனுஷங்க விறைச்சுச் சாகறதா? அப்படியொரு பொழப்பு எனக்கு வேணாம்."

அப்போதுதான் மாமா வாயைத் திறந்தார்.

மாமா அம்மாவின் தம்பி, எங்களோடு இருந்தார். இருபது வயதிருக்கும். ஹோட்டல் ஹால்களில் ஆட்களைக் கூட்டிவைத்து ஊக்கப் பேச்சு நடத்தும் ஒரு கம்பெனியில் வேலை. நாற்காலி போடுவது, தண்ணீர் வைப்பது, பேனர் கட்டுவது. அந்தப் பேச்செல்லாம் இந்தியிலும் இங்கிலீஷிலும் நடக்கும். பாதிதான் அவருக்குப் புரியும். அந்தப் பாதியை இரண்டு மடங்காக்கி எங்களுக்குச் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்களை வரிசையாக நிற்கவைத்துக் கைதட்டச் சொல்வார். அப்பா மட்டும் தட்டமாட்டார்.

"ரஜாயும் வேணாம், ஒண்ணும் வேணாம் மாமா" என்றார் அவர் என் அப்பாவிடம். "மாவுகிட்ட யாராவது ஒரு நல்ல வார்த்தை பேசியிருக்கோமா? டெய்லி காலைல மூடியைத் திறந்து திட்டத்தானே செய்யறீங்க?"

"டேய் மச்சான், மாவுக்குக் காது இருக்காடா?"

"ஹால்ல உக்கார்றவனுக்கெல்லாம் மட்டும் இருக்கா? பேசிப் பேசித்தானே பொங்க வைக்கறாங்க. ஒரு வாரம் குடுங்க. பொங்கலேன்னா நானே மூட்டையைத் தூக்கிட்டு வந்து உங்களை ரயிலேத்தறேன்."

பேசுவது யார் என்ற கேள்வி வந்தது. மாமா என்னைக் காட்டினார். "படிச்சவன் சொன்னாத்தான் எடுபடும்."

அன்றிலிருந்து தினமும் சாப்பிட்டு முடித்ததும் நான் பாத்திரத்தின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். "மாவே, நீ பொங்கிடுவே. உன்னால முடியும். ஹோ ஜாயேகா." எல்லாம் ஆகிவிடும் என்று அந்த ஹாலில் இந்தியில் சொல்வார்களாம், அதையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார் மாமா. அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள். பேசி முடித்ததும் மாமா பலகைத் தடுப்பைச் சாத்துவார். "மாவுக்குக் கூச்சம் ஜாஸ்தி, யாரும் எட்டிப் பார்க்கக்கூடாது" என்பார். காவலுக்கு அவரே சமையலறையில் படுத்துக்கொள்ளத் தொடங்கினார்.

முதல் நாள் காலையில் மாவு லேசாக நிமிர்ந்திருந்தது. அப்பா நம்பவில்லை. மறுநாள் சிறு குமிழிகள் வந்தன. நாலாம் நாள் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு பாத்திரத்துக்கு வெளியே வழிந்து நின்றது. அப்பா விரலால் தொட்டுப் பார்த்தார். முகர்ந்தார். பிறகு என்னை எழுப்பி, "நேத்து என்னாடா சொன்னே?" என்று கேட்டார். வழக்கமாகச் சொன்னதைத்தான் சொன்னேன் என்றேன். "அதையே சொல்லு. மாத்திடாதே" என்றார்.

அந்தக் காலையில்தான் மாமா தூங்குவதைப் பார்த்தேன். கம்பெனியில் பழசாகிப்போன ஒரு துணி பேனரை வாங்கி வந்திருந்தார். அதைத் தலையிலிருந்து கால்வரை இரண்டு சுற்று சுற்றிக்கொண்டு சப்பாத்திச் சுருள் மாதிரி கிடந்தார். மார்புக்குக் குறுக்கே முழம் உயரத்துக்குச் சிவப்பு இந்தி எழுத்துகள். அவருடைய ரஜாய் மடித்துத் தலைக்கு வைக்கப்பட்டிருந்தது.

"என்ன எழுதியிருக்குது, படி" என்றார் கண்ணைத் திறக்காமல். அவருக்கு எழுத்து தெரியாது.

எழுத்துக்கூட்டிப் படித்தேன். "உங்களால் முடியும்னு போட்டிருக்கு மாமா. ரஜாய் இருக்கே, ஏன் இதைப் போர்த்திக்கிற?"

"எழுத்து உடம்புல படணும்டா. அப்பத்தான் உள்ள ஏறும்."

படித்த குடும்பத்துப் பிள்ளையாக இருந்திருந்தால் சிரித்திருப்பேன். நான் நம்பினேன். மாவைப் பொங்கவைத்த வாய் என்ற கர்வமும் சேர்ந்துகொண்டது. கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் புத்தகத்தைத் திறக்காமல் ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டு படுத்தேன். காலையில் கேள்வித்தாளிடமும் இரண்டு நல்ல வார்த்தை சொன்னேன். நூற்றுக்குப் பதினொன்று வந்தது.

அழுதுகொண்டு மாமாவிடம் போனேன். அவர் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. பத்து நாளாகவே தும்மல், இருமல். கேட்டால், "ஜலதோஷம்கிறது மனசோட பலவீனம்" என்று ஹாலில் கேட்டதைச் சொல்லிவிட்டு உடனே ஒரு தும்மல் போடுவார். என் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

"மாவுகிட்டப் பேசறதுக்கு முன்னாடி உங்கம்மா என்ன பண்றா?"

"ஆட்டுவாங்க."

"நீ ஆட்டுனியா?"

அதற்குமேல் அவருக்கு இருமல்தான் வந்தது. அப்பா அந்தப் பக்கத்திலிருந்து, "மகானே, போய் மருந்து வாங்கிச் சாப்பிடு" என்றார்.

பொங்கல் வந்தது, போனது. யாரும் மூட்டை கட்டவில்லை. ஆபீஸ் வாசலில் கல்லா என்று கேட்டவரே தினம் இரண்டு ப்ளேட் வாங்குகிறார் என்று அப்பா சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா வரிசையாக நிற்கவைத்தபோது அப்பாவும் கைதட்டினார், அடுத்த வீட்டுக்குக் கேட்காத அளவில்.

மார்ச்சில் வெயில் வந்ததும் அம்மா ரஜாய்களை எடுத்துத் தகரக் கூரைமேல் உலர்த்தினாள். நான் கீழே நின்று எடுத்துக்கொடுத்தேன். மாமாவின் ரஜாயை விரித்தபோது மூக்கைப் பிடித்துக்கொண்டேன். அப்படி ஒரு புளித்த வாடை. உள்பக்கத்தில் மாவுப் பாத்திரத்தின் அளவுக்கு வட்டமாக ஒரு கறை, ஓரத்தில் வெள்ளையாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. "மாமா, உன் ரஜாய் நாறுது!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். குழாயடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர், "வாசனைடா அது!" என்று நுரையோடு கத்தினார்.

அழுக்குத் துணியைக் கண்டால் தம்பியை ஒரு பாட்டம் திட்டித் தீர்ப்பாள் அம்மா. அன்று திட்டவில்லை. கீழே இறங்கி வந்து, காய்ந்திருந்ததை நகத்தால் சுரண்டி விரலில் வைத்துப் பார்த்தாள். பேனர் எங்கே என்று கேட்டாள். சமையலறையில் இருக்கிறது என்றேன். அதை எடுத்துவரச் சொல்லி, இரு விரலால் துணியின் கனத்தைத் தடவிப் பார்த்தாள். வேட்டி அளவுக்குக்கூடக் கனமில்லை. "இதையா..." என்றாள். ரஜாயைத் தானே தோளில் போட்டுக்கொண்டு கூரையேறினாள்.

இன்று நான் வேலை பார்க்கும் இடத்தில் வருஷத்துக்கு ஒரு தடவை ஹாலில் உட்காரவைத்து இதே பேச்சைப் பேசுகிறார்கள். எல்லோருக்கும் முன்னால் கைதட்டுகிறவன் நான்தான். பேசுகிறவரைப் பார்த்து அல்ல. பின்னால் பேனர் கட்டிவிட்டு ஓரமாக நிற்கிற பையனைத் தேடிப் பார்த்துத் தட்டுகிறேன். ஆனால் அந்த மார்ச் மாதத்தில் எனக்கு இதெல்லாம் தெரியாது.

அன்று காலை எல்லோருக்கும் நாலு இட்லி வைத்த அம்மா, மாமாவின் தட்டில் மட்டும் ஆறு வைத்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. குளிர்காலம் முழுக்க ஒருநாள் விடாமல் மாவிடம் பேசியது நான், இவருக்கு எதற்கு இரண்டு அதிகம் என்று தட்டைத் தள்ளிவிட்டுச் சண்டை போட்டேன்.

"நியாயம்தானே அக்கா" என்று மாமா தன் தட்டிலிருந்து இரண்டை எடுத்து என் தட்டில் வைத்தார்.

நான் சாப்பிட்டேன். பஞ்சு மாதிரி இருந்தன.